சட்டையை விட்டுப் போன பாம்பு

அத்தியாயம் 4

"சாரி சொல்ல மாட்டேன்" என்றாள் சுப்ரியா. உட்காருவதற்கு முன்பே சொன்னாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவையும் சொன்னாள்.

மலையாளிகளின் தலைநகரில், சாலைக் கடைத்தெருவில், ஆணியும் தாழ்ப்பாளும் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சுப்புலக்ஷ்மி துப்பறியும் நிலையம். கீழே கம்பி வெட்டினால் மேலே பல் கூசும். நிலையத்தின் தலைவர், ஆய்வாளர், ஆட்களை முறைக்கும் பிரிவு எல்லாமே சுப்புலக்ஷ்மிதான். ஓட்டுநர், உதவியாளர், டீ வாங்கும் பிரிவு ஆகியவை தங்கையனின் பொறுப்பு. நாற்பது வயதுக்குள் தலைமுடியில் பாதியையும் தன்னம்பிக்கையில் முக்காலையும் இழந்துவிட்டிருந்த தங்கையன், முன்பு ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். இப்போது ஊரார் மடித்து வைத்ததை விரித்துக் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொள்வான். யாரும் சிரிக்காவிட்டால் அவனே சிரித்து அந்தக் குறையைப் போக்கிவிடுவான்.

"உன்னை யாரும் இங்கே சாரி சொல்லச் சொல்லலையே" என்றாள் சுப்புலக்ஷ்மி. "நடந்ததைச் சொல்லு."

"மாமி, நான்..."

"மாமியெல்லாம் கரமனையில. இங்கே மேடம்."

இருவருக்கும் கரமனை அக்ரஹாரத்தில் எதிரெதிர் வீடு. சுப்ரியா பிறந்தபோது சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தவளே சுப்புலக்ஷ்மிதான். அப்படிப்பட்டவளை மேடம் என்று கூப்பிட நாக்கு வளையாமல் சுப்ரியா ஒரு கணம் தவித்தாள்.

"சரி, மேடம் மாமி" என்று சமரசம் செய்துகொண்டு, சொல்ல ஆரம்பித்தாள்.

அவளுக்குக் கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை. அங்கே வேலை பார்க்கும் கூட்டம் ஒன்று, வாரக்கடைசியில் கார்டு ஆடும். ரம்மி அல்ல. பூதம், பறவை, கடல் மிருகம் என்று விதவிதமான ஜந்துக்கள் அச்சடித்த கார்டுகள். ஆடுவார்கள், மாற்றிக்கொள்வார்கள், பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்வார்கள். சுப்ரியாவின் டீம் லீடர் கிரிஷிடம் ஊரிலேயே யாரிடமும் இல்லாத ஒரு கார்டு இருந்தது. டூனாகா. பாலைவனப் பாம்பு. மணலைச் சுழற்றிப் படமாக விரித்துக்கொண்டு நிற்கும். சுற்றிலும் தங்க விளிம்பு.

"போன ஞாயித்துக்கிழமை அவன் ஃப்ளாட்ல ஆட்டம். நான் டூனாகாவைப் பார்த்துட்டு ஃபைல்லயே திருப்பி வச்சேன். அப்புறம் எல்லாருமா கீழே டீ குடிக்கப் போனோம். அங்கேர்ந்தே அவாவா ஆத்துக்குப் போயாச்சு. ராத்திரி க்ரூப்ல போடறான், டூனாகாவைக் காணோம், கடைசியாத் தொட்டது சுப்ரியான்னு."

"இப்போ?"

"இன்னிக்குச் சாயங்காலம் கிளப்ல எல்லார் முன்னாலயும் சாரி சொல்லணுமாம். இல்லேன்னா கிளப்பை விட்டு வெளியே."

"சீட்டுக் கிளப்புதானம்மா, போனா போட்டு" என்றான் தங்கையன் ஆறுதலாக.

சுப்ரியா அவனைப் பார்த்த பார்வையில் ஆறுதல் வந்த வழியே திரும்பிப் போனது.

"கிளப் போகட்டும் அண்ணா. ஆபீஸ்ல நான் லிஃப்ட்ல ஏறினா எல்லாரும் பையை இறுக்கிப் பிடிச்சுக்கறா. சாரி சொன்னா அது சரின்னு ஆயிடும். எடுக்காததுக்கு எப்படிச் சொல்லுவேன்?"

தங்கையனுக்கு ஜவுளிக்கடை ஞாபகம் வந்தது. ஒரு பட்டுச்சேலை எண்ணிக்கையில் குறைந்த அன்று எல்லோரும் அவன் பையைப் பார்த்தார்கள். சேலை மறுநாள் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. அவன் பையைப் பார்த்த கண்கள் மட்டும் அப்படியே இருந்தன. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பதால்.

சுப்புலக்ஷ்மி கையை நீட்டினாள். சுப்ரியா போனைக் கொடுத்தாள். க்ரூப்பில் கிரிஷ் போட்ட படம் அது. ஃபைலில் டூனாகா இருக்க வேண்டிய இடத்தில், ஸ்லீவ் என்று இவர்கள் சொல்லும் மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டும் காலியாக இருந்தது.

"உன் பையில கார்டு இருக்கா? ஒண்ணை எடுத்துக் காமி."

சுப்ரியா ஒரு டப்பாவைத் திறந்து, இரண்டு நகங்களால் ஒரு கார்டை அதன் ஸ்லீவோடு எடுத்து மேஜைமேல் வைத்தாள். மூச்சு படாமல் வைத்தாள்.

"ஸ்லீவைக் கழட்டு."

"எதுக்கு?" சுப்ரியா கார்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "விரல் பட்டா எண்ணெய் ஒட்டும். மூலை மழுங்கும். வீடு தீப்பிடிச்சாக்கூட ஸ்லீவோடதான் எடுத்துண்டு ஓடுவோம்."

"கேட்டேளா தங்கையன்? இப்போ இந்தப் படத்தைப் பாருங்கோ. என்ன தெரியறது?"

"பாம்பு சட்டையை உரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கு."

"ஜோக்கை விட்டுட்டுப் பாருங்கோ."

"ஜோக்கை விட்டா எங்கிட்ட வேற என்ன மேடம் இருக்கு?" என்றபடி பார்த்தவன், நிஜமாகவே பார்த்தான். "களவாணின்னா சட்டையோடல்லா தூக்கியிருப்பான். சட்டையைக் கழத்துனவனுக்கு இதோட அருமை தெரியாது. அப்போ சீட்டாடுக கூட்டத்துல உள்ள ஆளு இல்ல."

சுப்ரியா போனை எட்டிப் பார்த்தாள். கிளப்பில் அத்தனை பேரும் இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. அவளுக்கே உறைக்கவில்லை. கோபம் வந்தால் கண் இருந்தும் பயனில்லை.

"இந்த மஞ்சள் கறை?" ஸ்லீவின் ஓரத்தைக் காட்டினாள் சுப்புலக்ஷ்மி.

"தங்க விளிம்பு உதிர்ந்ததுன்னு எல்லாரும் சொன்னா."

"நேந்திரங்காய் சிப்ஸ்" என்றான் தங்கையன், நிபுணனின் உறுதியோடு.

"கார்டு இருக்கற ரூம்ல சிப்ஸ் தின்னா கொலை விழும் அண்ணா."

"தங்கம்னா மின்னும். இது மின்னலையாக்கும்." சுப்புலக்ஷ்மி கிரிஷின் செய்திகளை மேலும் கீழும் தள்ளினாள். ஞாயிறு இரவு: என் டூனாகா எனக்கு வேண்டும். திங்கள் மாலை: கார்டு வேண்டாம், ஒரு சாரி போதும். அதன் கீழே கும்பிடு, இதயம், எத்தனை பெரிய மனசு என்ற பாராட்டு எல்லாம் வரிசையாக வந்திருந்தன.

அந்த இரண்டு செய்திகளையும் அவள் மாறி மாறிப் படித்தாள்.

"வண்டியை எடுங்கோ" என்றாள்.

*

கழக்கூட்டம் போகும் நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே தங்கையனின் பழைய மாருதி, கல்யாணக் கூட்டத்தில் தொலைந்த குழந்தையைப் போல ஊர்ந்தது.

"ஒருத்தன் உயிரா வச்சிருந்த பொருளை, ஒரே நாள்ல வேண்டாம்னு எப்போ சொல்லுவான்?" என்று கேட்டாள் சுப்புலக்ஷ்மி.

"கல்யாணம் ஆன மறுநாள்."

"உமக்கு இன்னும் ஆகலையே."

"அதனாலதான் மேடம் எங்கிட்ட எல்லாம் அப்படியே இருக்கு. ஜட்டி முதற்கொண்டு."

பின் சீட்டில் சுப்ரியா முதல் முறையாகச் சிரித்தாள். இன்றைய சம்பளத்துக்கு வேலை செய்துவிட்டதாகத் தங்கையன் எண்ணிக்கொண்டான்.

அடுக்குமாடி வாசலில் அவள் இறங்க மறுத்துவிட்டாள். "அவன் சாரின்னு சொல்ற வரைக்கும் அவன் வீட்டுப் படி ஏற மாட்டேன். காருக்குள்ளயே வெந்தாலும் சரி."

கதவைத் திறந்த கிரிஷ் வீட்டுக்குள்ளும் கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தான். கழற்றினால் யாரென்று தனக்கே மறந்துவிடும் என்று பயப்படுபவனைப் போல.

"மேடம், நான் ஒரு மோசமான ஆளு இல்லை கேட்டோ. போலீஸுக்குப் போகலை. ஹெச்.ஆர்.க்குப் போகலை. ஒரு சாரி சொன்னா தீர்ந்து. அவளுக்கும் நல்லது."

"கார்டு?"

"அது போட்டும் மேடம்."

"தேட வேண்டாமா?"

"வேண்டாம்."

"சரி, நாங்க கண்டுபிடிச்சுக் கையில தந்தா வாங்கிப்பேளா?"

மிகச் சாதாரணக் கேள்வி. கிரிஷ் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு, கிளப் ஹாலின் சாவி தன்னிடம் இருப்பதாகவும் உடனே போக வேண்டும் என்றும் சொன்னான்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "யாருடே வந்திருக்கது?"

"யாருமில்லம்மா. போறாங்க."

"ஒண்ணுமில்ல அம்மா, சும்மா ஒரு விஷயமா வந்தோம். நீங்க உங்க சோலியப் பாருங்க" என்றான் தங்கையன், பழக்கதோஷத்தில், தன் ஊர்ப் பேச்சில்.

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. கிரிஷின் அம்மா முத்தாரம்மாள் வெளியே வந்தாள். அறுபது வயது இருக்கும். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எந்தூரு மக்கா?"

"சுசீந்திரத்துக்குக் கிட்ட. தேரூரு."

"தேரூரா. எஞ் சித்தி மவளைக் கட்டிக் குடுத்தது தேரூர்லதான். உள்ள வா."

அதற்குமேல் தங்கையனை அங்கிருந்து அகற்ற ஒரு பட்டாளம் தேவைப்பட்டிருக்கும். தன்னிடம் இருக்கும் ஒரே துப்பறியும் கருவி தன் ஊர்ப் பேச்சுதான் என்று அவனுக்குத் தெரியும். லைசென்ஸ் வேண்டாம், சார்ஜும் போட வேண்டாம்.

"அம்மா, அவங்களுக்கு நேரமில்ல" என்றான் கிரிஷ்.

"ஊர்க்காரன் வாசல் வரைக்கும் வந்து காப்பி குடிக்காமப் போறதா? நீ போடே."

கிரிஷின் போன் அடித்தது. ஹால் பூட்டியிருக்கிறது என்று யாரோ கத்துவது வெளியே கேட்டது. அவன் தாயைப் பார்த்தான், சுப்புலக்ஷ்மியைப் பார்த்தான், வேறு வழியில்லாமல் போனான்.

காப்பி வந்தது. ரசவடை வந்தது. முத்தாரம்மாளின் விரல் நுனிகள் மஞ்சளாக இருந்ததைத் தங்கையன் கவனித்தான். மஞ்சள் விரலைக் குற்றமாக்கினால் இந்த ஊர் அடுக்களைகளில் பாதியைக் கைது செய்ய வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வடையில் கவனம் செலுத்தினான்.

சுப்புலக்ஷ்மி வடையைத் தொடவில்லை.

"போன ஞாயித்துக்கிழமை ஆவணி ஞாயிறாச்சே. நாகர்கோவில் போகலையா அம்மா?"

அவ்வளவுதான் கேட்டாள். முத்தாரம்மாளின் முகம் வாடியது.

"எங்க போக? ஆவணி ஞாயிறுன்னா நாகராஜா கோயில்ல பாலூத்தாம நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். இவன்கூட வந்து இருக்கத் தொடங்கினதுல இருந்து எல்லாம் போச்சு. பிரெண்டுங்க வாறாங்க, கொண்டு விட முடியாதுன்னுட்டான். இங்கனயே பக்கத்துல ஒரு சர்ப்பக்காவு உண்டு, மரத்தடியில நாகர் கல்லா வச்சிருப்பாங்க. அங்க போனேன்."

"வெறுங்கையோடயா?"

"வெறுங்கையோட போவேனா?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இவனுக்கு நாகதோஷம் உண்டு. வாற சம்பந்தம் எல்லாம் தட்டிப் போகு. நாகர் உருவம் ஒண்ணு சமர்ப்பிக்கணும்னு ஜோசியரு சொல்லியிருந்தாரு. அன்னைக்கு எல்லாரும் டீ குடிக்க எறங்கினாங்க. ரூமைப் பெருக்கப் போனேன். ஒரு ஃபைலு தொறந்து கெடந்துது. பாத்தா, நாகரு. தங்கமா மின்னுகாரு. பேயும் பூதமுமா உள்ள கூட்டத்துக்கு நடுவுல, பிளாஸ்டிக் பையில மூச்சு முட்டிக் கெடக்காரு. தோஷம் எங்கேருந்து வருகுன்னு அப்பல்லா தெரிஞ்சுது."

தங்கையனுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை வடையோடு சேர்த்து விழுங்கினான்.

"அப்பறம்?"

"பையில இருந்து எடுத்தேன். காவுல வச்சு, மஞ்சப்பொடி தூவி, பாலூத்திக் கும்பிட்டேன்."

"பாலா?"

"பின்ன, நாகருக்குக் காப்பியா ஊத்துவாங்க?"

தங்கையன் எழுந்தே விட்டான். "மேடம், காவுக்குப் போவோம். இன்னும் அங்கனதான் இருக்கும்."

"அங்க எதுக்குப் போற மக்கா?" என்றாள் முத்தாரம்மாள். "திங்கக்கெழமையே அவன் போய் எடுத்துட்டு வந்துட்டான்லா."

எழுந்தவன் அப்படியே நின்றான்.

"யாரு?"

"எம் மவன்தான். ஞாயித்துக்கெழம ராத்திரி முழுக்க போனுல தட்டிக்கிட்டே இருந்தான், எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். காலம்பற நானா சொன்னேன், ஒனக்காக நாகரைக் காவுல குடுத்திருக்கேன்னு. செருப்புகூடப் போடாம ஓடினான். எடுத்துட்டு வந்தா அது ஊறி, அப்பளம் மாதிரி சுருண்டு போச்சு. கொண்டு குப்பைக் கூடையில போட்டான். நாகரைக் குப்பையில போடலாமா? நான் எடுத்து சாமி மாடத்துல வச்சிருக்கேன்."

சுப்புலக்ஷ்மி இப்போதுதான் வடையை எடுத்தாள்.

"வண்டியில கேட்டேனே தங்கையன், பதில் கிடைச்சாச்சு. வேண்டாம்னு சொல்றவன் கைக்கு அது வந்து சேர்ந்திருக்கணும். திங்கக்கிழமைக்கு அப்புறம் அவனுக்குக் கார்டு வேண்டாம். க்ரூப்ல போட்டது பொய்யாயிடக் கூடாது, அது மட்டும்தான் வேணும். அதுக்குத்தான் அவளைச் சாரி சொல்லச் சொல்றது."

"நீங்க எதுக்கு இதெல்லாம் கேக்கீங்க?" என்றாள் முத்தாரம்மாள்.

சுப்புலக்ஷ்மி தங்கையனைப் பார்த்தாள். இந்த வேலையில் அவனுக்குப் பிடிக்காத பகுதி எப்போதும் அவனிடமே வந்து சேரும். பிள்ளைக்காகப் பால் ஊற்றிய ஒருத்தியிடம் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தான். எதிலும் ஜோக் ஒட்டவில்லை. நேராகச் சொன்னான்.

"கீழ கார்ல ஒரு பிள்ளை இருக்கு அம்மா. அந்த நாகரை அவதான் களவாண்டான்னு உங்க மவன் நாலு பேருக்கு நடுவுல சொல்லியிருக்கான்."

"எந்தப் பிள்ளை?"

"சுப்ரியா."

"அந்த வாயாடிக் குட்டியா? என் ரசவடையில உப்புக் கூடுதல்னு மூஞ்சிக்கு நேரச் சொன்னாளே. அப்பிடிச் சொல்லுகவ களவெடுப்பாளா?"

அவள் அடுப்பை அணைத்தாள். சாமி மாடத்துக்குப் போனாள்.

*

கிளப் ஹால் ஒரு ஜூஸ் கடைக்கு மேலே இருந்தது. சுப்ரியா முதலில் ஏறினாள். காலியாக இருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து கார்டுகளைக் கலைக்க ஆரம்பித்தாள். அந்த மேஜையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் எழுந்தான். அடுத்தவன் தண்ணீர் குடிக்கப் போவதைப் போல எழுந்தான். கடைசியில் மேஜையில் அவள் மட்டும் இருந்தாள். கை நிற்கவில்லை, கார்டுகள் கலைந்துகொண்டே இருந்தன.

கிளப் செயலாளர் வினீத் நல்ல பையன். எல்லோரும் நல்லவர்கள் என்று நம்புவதால் யாருக்கும் உதவாதவன். "சுப்ரியா, ஒரு சாரி பறஞ்ஞா மதி, அது போதும். எல்லாம் தீர்ந்து" என்றான்.

"மாட்டேன்."

"நான் மன்னிச்சாச்சு வினீத்" என்றான் கிரிஷ், மூலையிலிருந்து. "அவள் ஒரு வார்த்தை..."

"எடுக்கலை. சொல்ல மாட்டேன். இங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன். வேணும்னா நாற்காலியோட தூக்கி வெளியே வை."

படியில் மெதுவான காலடி கேட்டது. முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக முத்தாரம்மாள் ஏறி வந்தாள். கையில் பித்தளைத் தாம்பாளம். அதில் ஒரு வெற்றிலை. வெற்றிலைமேல் டூனாகா. மணல் படம் உரிந்து, தங்க விளிம்பு சுருண்டு, உடம்பெல்லாம் மஞ்சள் பூசி, பாலைவனத்தில் பிறந்த அந்தப் பாம்பு கோயில் பிராகாரத்து நாகரைப் போலவே ஆகியிருந்தது.

ஹாலில் பாதிப் பேருக்குத் தமிழ் அரைகுறை. அந்தத் தாம்பாளத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"மக்களே, இதை எடுத்தது நான். ஞாயித்துக்கெழம. திங்கக்கெழம காலையிலயே இவன் கைக்கு வந்தாச்சு."

"அம்மா, வா, வெளியே போய்ப் பேசலாம்."

"உள்ளதான் பேசணும். அவளைக் கள்ளின்னு வெளியில வச்சா சொன்ன?"

கிரிஷ் கழுத்திலிருந்த அட்டையைப் பிடித்துக்கொண்டான். "அதுக்குள்ள க்ரூப்ல போட்டாச்சும்மா. எடுத்தது எங்க அம்மா, பால் ஊத்திட்டாங்கன்னு சொன்னா இவங்க எல்லாரும் உன்னைப் பாத்துச் சிரிப்பாங்கன்னு..."

"என்னைப் பாத்துச் சிரிப்பாங்கன்னு அவளை அழ வச்சியா?"

"நான் அழலை" என்றாள் சுப்ரியா.

முத்தாரம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். மெல்லத் தலையசைத்தாள். "ஆமா, அழல. அவளைப் பாத்துச் சொல்லுடே."

கிரிஷ் மேஜைக்கு வந்து நின்றான். சாரி என்றான். குரல் அடுத்த மேஜைக்குக்கூட எட்டவில்லை. கையை நீட்டினான்.

சுப்ரியா அந்தக் கையைப் பார்க்கவில்லை. "எனக்குக் கேட்டுது. என்னைக் கள்ளின்னது க்ரூப்ல. அங்கே போடு. அம்மா எடுத்தான்னு போடாதே, அம்மா மேல தப்பில்லை. திங்கக்கிழமையே தெரியும்னு போடு."

தங்கையன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று தேடினான். அகப்படவில்லை. சுப்புலக்ஷ்மி, கேட்காமலேயே, தன் கைக்குட்டையை அவன் பக்கம் நீட்டினாள்.

கிரிஷ் தட்டெழுதினான். அழித்தான். மறுபடி எழுதினான். ஹாலில் ஒரு போன் சிணுங்கியது, பின் அடுத்தது, பிறகு எல்லாமே. படித்தவர்கள் தலை தூக்கவில்லை. சுப்ரியா தன் போனைக் கையில் எடுக்கவே இல்லை.

வினீத் தயங்கித் தயங்கி மேஜைக்குப் பக்கத்தில் வந்தான்.

"சுப்ரியா, கிளப்பிலேக்குத் திரும்பி வரணும். ப்ளீஸ். எல்லாரும் ஆசைப்படறாங்க."

அவள் ஏழு கார்டுகளைத் தன் முன்னால் கவிழ்த்து வைத்தாள். எதிர்ப்புறத்துக்கும் ஏழு வைத்தாள்.

"நான் எங்கே போனேன் திரும்பி வர? எழுந்து போனது நீங்கதான். வந்து உட்காருங்கோ."